தலைக்கு ஊற்றினவர்களுக்கு மட்டும்

அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும். 'கொறஞ்சிருக்கு.' அதைக் கேட்பதற்காகத்தான் அவர் விடியுமுன் எழுந்தார், ஊசிகளை வெந்நீரில் போட்டு எடுத்தார், பழனியாண்டவர் படத்துக்கு முன்னால் வைத்துச் சூடம் காட்டினார், கடைக்குக் கிளம்புகிறவரை முன்கூடத்தில் பாய் விரித்து ஊர்க்காரர்களைப் படுக்கவைத்துக் குத்தினார். காசு வாங்கமாட்டார். வாங்கியிருந்தால் நாலு பேர் நறுக்கென்று கேள்வி கேட்டிருப்பார்கள். வாங்காததால் அவரை யாராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. நான் சொல்கிறேன். எனக்கு அவரைப் பிடிக்காது. உயிரோடு இருந்தபோதும் பிடிக்கவில்லை, இப்போது நினைத்தாலும் பிடிக்கவில்லை.

ஏலக்காய் வியாபாரி. தேனிக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊர் பஜாரில் அவர் கடைதான் பெரியது. எழுபதுகளின் கடைசியில் வியாபார விஷயமாகக் கப்பலேறிக் கொழும்புக்குப் போனவர், அங்கே ஒரு டாக்டரிடம் சில மாதம் தங்கி அக்குபங்சர் கற்றுக்கொண்டு வந்தார். கூடவே ஒரு தகரப் பெட்டி நிறைய மெல்லிய ஊசிகள், உடம்பெல்லாம் புள்ளி வைத்த ஒரு ரப்பர் பொம்மை. மருந்து கிடையாது, வெறும் ஊசிதான் என்றதும் ஊர் முதலில் சிரித்தது. அப்புறம் மூட்டுவலி, ஒற்றைத் தலைவலி, கழுத்துப் பிடிப்பு என்று ஒவ்வொருவராகப் போய்ப் படுத்தார்கள். சிலருக்கு உண்மையாகவே குறைந்தது. அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

குறையாதவர்கள் பாடுதான் திண்டாட்டம். சின்னமனூரிலிருந்து வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவர் இடுப்பு வலிக்கு வந்துகொண்டிருந்தார். ஒருநாள் ஊசியை உருவிவிட்டு, "கொறஞ்சிருக்கா?" என்று கேட்டார் இவர்.

"அப்பிடியேதான் இருக்கு அண்ணாச்சி."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆசையாகக் கொடுத்த பலகாரத்தைத் துப்பினமாதிரி ஆகிவிட்டது. "நேத்து ராத்திரி புளி சேத்தீகளா?"

"லேசா சேத்தேன்."

"பெறகு எப்பிடிக் கொறையும்? நான் இங்கன ஊசியக் குத்த, நீங்க அங்கன புளியத் திங்க."

கூடத்தில் இருந்த எல்லோரும் அந்த மனிதரைக் குற்றவாளியைப் பார்க்கிறமாதிரி பார்த்தார்கள். அடுத்த வாரம் அவர் கேட்பதற்கு முன்னாலேயே, "கொறஞ்சிருக்கு அண்ணாச்சி, நல்லாக் கொறஞ்சிருக்கு" என்றார் கொடிக்கால்காரர். வாசல்படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். அதை நான் பார்த்தேன். அண்ணாச்சி பார்க்கவில்லை. அவர் கண் நல்ல சேதி வருகிற பக்கம் மட்டும்தான் பார்க்கும்.

என் விஷயத்துக்கு வருகிறேன். நான் அப்போது எங்கள் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் ஹெட்செட், முன்னால் போர்டு, ஓட்டையில் செருகி எடுக்கிற ஒயர்கள். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. மாதம் தவறாமல் வீட்டுக்குத் தூரமான முதல் இரண்டு நாளும் எனக்கு உயிர் போகும். ஈரத்துணியை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துப் பிழிகிறமாதிரி அடிவயிற்றில் ஒரு வலி. இடுப்பு வழியாகத் தொடைக்கு இறங்கும், வாந்தி வரும், கண் இருட்டும். மாதாமாதம் லீவு போடுகிறவளை எவன் நிரந்தரம் பண்ணுவான்?

மதுரையில் ஒரு லேடி டாக்டர் அதற்குப் பெயர் சொன்னார், எண்டோமெட்ரியோசிஸ் என்று. கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்கவேண்டிய சவ்வு வெளியேயும் ஒட்டிக்கொண்டு வளருமாம். மாதாமாதம் அதுவும் கசியுமாம், போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிப் புண்ணாக்குமாம். மாத்திரை கொடுத்தார். வயிறு எரிந்து சோறே இறங்கவில்லை. இன்னும் முற்றினால் ஆபரேஷன் என்றார். இல்லாவிட்டால் சீக்கிரம் கல்யாணம் பண்ணிவையுங்கள், பிள்ளை பெற்றால் சரியாகலாம் என்றார். என் அம்மாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை, கல்யாணம் மட்டும் நுழைந்தது. கல்யாணத்துக்கு முன்னால் வலியைக் குறைக்கலாம் என்று என்னை அண்ணாச்சியிடம் கூட்டிப்போனாள்.

அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவிடம்தான் பேசினார். "தூரமா இருக்கப்ப கூட்டியாராதீக. ஊசி சாமி படத்துக்குக் கீழ இருக்கு. நாள் முடிஞ்சு, தலைக்கு ஊத்திட்டுக் கூட்டியாங்க."

புரிகிறதா? எனக்கு வலி வருவதே அந்த நாட்களில்தான். அந்த நாட்களில் வரக்கூடாது. வலியெல்லாம் ஓய்ந்து, குளித்து, தலையில் ஈரம் சொட்ட, பூ வைத்துக்கொண்டு போனால் கணுக்காலில் குத்துவார், முழங்காலுக்குக் கீழே குத்துவார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். ஊசியை எடுத்துவிட்டுக் குனிந்து கேட்பார். "இப்ப வலி இருக்கா தாயி?"

"இப்ப இல்ல அண்ணாச்சி. ஆனா இது..."

"கொறஞ்சிருக்குங்க அண்ணாச்சி," என்று அம்மா முந்திக்கொள்வாள்.

"பாத்தீகளா?" என்று அவர் கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பார். கூடம் தலையாட்டும்.

ஒரு தடவை பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன். "வலி இருக்கைலதான குத்தணும் அண்ணாச்சி? பல்லு வலிக்காரரு வந்தா, வலி நின்ன பெறகு வாங்கன்னா திருப்பி அனுப்புறீக?"

அவர் சிரித்தார். "பொம்பளப்பிள்ள வாயப் பாருங்க! அதெல்லாம் உள்ளுக்குள்ள வேல செய்யும் தாயி."

வேலை செய்யவில்லை. அடுத்த மாதமும் பிழிந்தது, அதற்கடுத்த மாதமும் பிழிந்தது. ஒருவேளை மற்ற நாளில் குத்தினாலும் சிலருக்குக் கேட்குமோ என்னவோ, எனக்குக் கேட்கவில்லை. சொன்னால் யார் நம்பினார்கள்? "அண்ணாச்சி கைபட்டும் கொறையலைன்னா ஒனக்குத்தான் மனசு சரியில்ல" என்றாள் அம்மா.

அவர் வீட்டில் இன்னொன்றும் கவனித்திருந்தேன். அவர் மனைவி, நாங்கள் மதினி என்று கூப்பிடுகிறவர், எப்போதும் வெந்நீர்ச் செம்போடு கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்பார். சில நாட்களில் இருக்கமாட்டார். அன்றைக்கு வேலைக்காரக் கிழவி செம்பு கொண்டுவருவாள். அப்படி ஒருநாள் நான் ஊசியோடு படுத்திருந்தபோது வீட்டின் பின்பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. வாயில் துணியை வைத்துக்கொண்டு முனகுகிறமாதிரி, இழுத்து இழுத்து. பக்கத்துப் பாயில் படுத்திருந்தவர் தலையைத் தூக்கி, "என்ன அண்ணாச்சி சத்தம்?" என்றார்.

"மாடு," என்றார் அண்ணாச்சி. "செனையா இருக்கு." கொஞ்சம் குரலை உயர்த்தி ரப்பர் பொம்மையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். முதல் நாள் வலியோடு டியூட்டிக்குப் போயிருந்தேன், லீவு போட வழியில்லாமல். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் வயிற்றை அமுக்கிக்கொண்டு ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன். அண்ணாச்சி கடையிலிருந்து கொச்சிக்கு ஒரு ட்ரங்க் கால். போட்டுக்கொடுத்தேன். லைன் சரியாக விழுந்ததா என்று காதுகொடுத்துப் பார்ப்பது எங்கள் வேலை, கேட்டுக்கொண்டிருந்தேன். காய் விலை பேசி முடித்துவிட்டு அவர் அந்தப் பக்கத்து வியாபாரியிடம் சொல்கிறார்: "வைத்தியமா? அமோகமா நடக்குது. எங்க எக்ஸ்சேஞ்ச்ல ஒரு பிள்ள. மதுர டாக்டரே கைவிட்ட கேசு. நம்ம கைபட்டு இப்ப வலின்னா என்னன்னு கேக்குது!"

என் கையில் ஒயர் இருந்தது. உருவிவிட்டேன்.

"ஹலோ? ஹலோ?" என்று அவர் மறுபடி எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டார். "லைன் கட் ஆயிருச்சு சார்," என்றேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு. அவருக்கு என் குரல் தெரியவில்லை. எப்படித் தெரியும்? என் குரலை என்றைக்குக் கேட்டார்?

அடுத்த மாதம் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார், இனி ஒரு லீவு என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று. சொல்லி வைத்தமாதிரி மத்தியானம் டியூட்டி இருந்த ஒருநாள் காலையில் வலி தொடங்கிவிட்டது. அம்மா வீட்டில் இல்லை. என் வலிக்கு விளக்குப் போட வீரபாண்டிக்குப் போயிருந்தாள், கௌமாரியம்மனிடம். நான் யோசித்தேன். யோசித்தேன் என்ன, வெறி பிடித்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். ஈரத்தலையை முடிந்து பூ வைத்துக்கொண்டேன். குனிந்துகொண்டே நடந்து அண்ணாச்சி வீட்டுப் பாயில் போய்ப் படுத்துவிட்டேன்.

"வயித்து வலி அண்ணாச்சி."

ஈரத்தலையைப் பார்த்தார், திருப்திப்பட்டார். "என்னத்தத் தின்ன?"

"நேத்து கடைப் பரோட்டா."

குற்றம் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம். கணுக்காலின் உள்பக்கம் நாலு விரற்கடை மேலே ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று, இரண்டு காலிலும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கைக்கு ஒன்று. லேசாகத் திருகினார். உள்ளுக்குள் கனமாக ஏதோ இழுத்தது. மற்ற நாட்களில் அந்த இழுப்பு எனக்கு ஒன்றும் செய்ததில்லை. அன்றைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, பிழிந்துகொண்டிருந்த கை பிடியைத் தளர்த்தியது. போகவில்லை, தளர்ந்தது. நான் காலை நீட்டினேன். முதல் நாளில் நான் காலை நீட்டிப் படுத்தது அன்றைக்குத்தான். கண்ணில் தண்ணீர் ஓடியது.

"கொறஞ்சிருக்கா தாயி?"

"கொறஞ்சிருக்கு அண்ணாச்சி! நெசமாவே கொறஞ்சிருக்கு!" என்றேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். மனசு நிறைந்து கிடந்தது. அவர் ஊசி உண்மையாகவே வேலை செய்கிறது என்று தெரிந்தால் அவர் துள்ளுவார், இனி ஒவ்வொரு மாதமும் முதல் நாளே வா என்பார், என் வேலை தப்பிக்கும் என்று நினைத்தேன். மடச்சி! "இன்னைக்கு மொத நாளு அண்ணாச்சி. வலி இருக்கைல குத்தினீக, கேட்டுருச்சு," என்றேன்.

அவர் எழுந்துவிட்டார். இரண்டடி பின்னால் போய் வேட்டியில் கையைத் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை, பழனியாண்டவர் படத்தைப் பார்த்தார். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். என் கையிலும் காலிலும் ஊசி நிற்கிறது, அசைய முடியவில்லை.

"எடுத்துவிடுங்க அண்ணாச்சி."

எடுக்கவில்லை. தான் குத்தின ஊசியைத் தொடமாட்டேன் என்று நிற்கிறார் மனுஷன். உள்ளே பார்த்துக் கத்தினார்: "ஏய், இங்கன வா! இவ ஒடம்புல இருக்கத உருவி எருக்குழியில போடு. தலைக்கு ஊத்திட்டு உள்ள வா." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு என்னிடம், "இனி இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்றார்.

"கொறஞ்சிருக்குன்னு சொன்னனே அண்ணாச்சி! அது ஒங்க காதுல விழுகலையா?"

வாழ்நாளெல்லாம் அந்த வார்த்தைக்கு ஏங்கின மனுஷன். ஒருத்தி அழுதுகொண்டே, பொய் இல்லாமல் சொன்னபோது, அது அவருக்கு வேண்டாததாகிவிட்டது. நான் அவரை வெறுப்பது அவர் வைத்தியம் பலிக்காததால் இல்லை. பலித்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் கையைத் துடைத்தாரே, அதற்காக.

மதினி வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருவினார். முந்தானை என் முகத்தை மறைக்கிறமாதிரி குனிந்து, உதடு அசையாமல் கேட்டார். "நெசமாவே கொறஞ்சுச்சா ஆத்தா?"

தலையாட்டினேன்.

"அடுத்த மொத நாளு பின்சந்து வழியா வா. மாட்டுக் கொட்டடிக்கு."

நான் போனேன். வீட்டுக்குப் பின்னால் எருக்குழி, அதையொட்டிக் கொட்டடி, கொட்டடிக்குள் தடுத்த ஒரு சின்ன அறை. மதினி தூரமானால் அங்கேதான் இருப்பார். அண்ணாச்சி அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவும் மாட்டார். தொழுவம் வெறுமையாக இருந்தது, கயிறுகூட இல்லை.

"மாடு எங்க மதினி?"

"மாடா? அத வித்து எம்புட்டுக் காலமாச்சு!"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "அப்ப, உள்ள படுத்திருக்கைல ஒரு சத்தம் கேக்குமே..."

"நாந்தான்," என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து மதினிக்கும் என்னைப்போலவே. டாக்டரிடம் காட்டவில்லை, அதனால் என்ன நோய் என்று பெயர் இல்லை. அண்ணாச்சியிடம் ஒருதடவை சொன்னாராம். "அது பொம்பளைகளுக்கு உள்ளதுதான்" என்று வெளியே போய்விட்டாராம். "இத்தன வருசமா கூப்பிடு தூரத்துல கெடந்து கத்துறேன் ஆத்தா. ஊருக்கெல்லாம் குத்துறாக. என் சத்தத்த மாடுன்னுட்டாக."

பரணிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்தார். உள்ளே என் உடம்பிலிருந்து உருவின ஊசிகள், வெந்நீரில் கொதிக்கவைத்துத் துணியில் சுருட்டியவை. அன்றைக்கு எருக்குழியில் கை வீசிப் போட்டது வேப்பங்குச்சியாம். "தீட்டுப்பட்ட ஊசி. அவுகளுக்கு ஆகாது. நமக்கு எதுக்கு ஆகாது?" என்றார்.

வெந்நீர்ச் செம்போடு நடந்தபோதெல்லாம் எங்கே குத்துகிறார் என்று பார்த்திருந்தார். பார்த்ததும் குத்துவதும் ஒன்றில்லை. முதல் தடவை என் காலில் ரத்தம் கட்டி நீலமாகிவிட்டது. நான் அவருக்குக் குத்தினபோது இரண்டு பேரும் பயத்தில் சாமியைக் கூப்பிட்டோம், அந்த அறைக்கு வரமாட்டாத அதே சாமியை. போகப்போகக் கை பழகியது. நோய் தீரவில்லை. பின்னால் எனக்கு ஆபரேஷன் பண்ணித்தான் ஆகவேண்டியிருந்தது. ஆனால் முதல் நாள் வலி ஸ்டூலில் நிமிர்ந்து உட்காருகிற அளவுக்குக் குறைந்தது. லீவு போடவில்லை. அடுத்த வருஷம் வேலை நிரந்தரமானது.

என் நாளும் அவர் நாளும் ஒத்துவராதபோது என்ன செய்வது என்று கேட்டேன். மதினி வாயைப் பொத்திச் சிரித்தார். "அவுகளுக்கு நம்ம நாள் கணக்குத் தெரியுமாக்கும்? மாசத்துல ரெண்டு தடவ தூரம்னாலும் கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிருவாக."

வெளியே அண்ணாச்சி என் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தார். யாருக்காவது குறையவில்லை என்றால் இப்போது புளியைக் குறை சொல்வதில்லை. "அந்த எக்ஸ்சேஞ்ச் பிள்ள தீட்டோட வந்து ஊசியக் கெடுத்துட்டா" என்பார். அம்மா பஜார் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். "ஒன்னால தலகாட்ட முடியல" என்று என்னைத்தான் ஏசினாள்.

வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் ஒருநாள் எதிரே வந்துவிட்டார். சுற்றிலும் வியாபாரிகள். நாலு பேர் முன்னால் பெரிய மனசு காட்ட ஆசை. "எப்பிடி இருக்க தாயி? நடந்தத நான் மனசுல வச்சுக்கல. அன்னைக்குக் குத்தினது பெறகாச்சும் கேட்டுச்சா? கொறஞ்சிருக்கா?"

அவருக்குப் பின்னால் தேங்காய்த் தட்டோடு மதினி நின்றார். முந்தின வாரம்தான் எனக்குக் குத்தியிருந்தார்.

"இல்ல அண்ணாச்சி. அப்பிடியேதான் இருக்கு," என்றேன்.

துப்பின பலகாரம் மறுபடி அந்த முகத்தில். மதினி தேங்காயைச் சரிசெய்கிறமாதிரி குனிந்துகொண்டார். எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

இரண்டு வருஷம் கழித்துக் கடையில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நெஞ்சுவலி. துக்க வீட்டுக்கு நானும் போனேன், மதினிக்காக. கூடத்தில் பாய் போடுகிற இடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம், எனக்கு முழங்கால் கொறஞ்சுச்சு, எனக்குத் தலைவலி கொறஞ்சுச்சு என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். கேட்கத்தான் அவர் இல்லை.

தூக்கப்போகிற நேரத்தில் யாரோ பூஜை அலமாரியைக் காட்டினார்கள். பழனியாண்டவர் படத்துக்குக் கீழே அந்தத் தகரப் பெட்டி. அவருடைய அண்ணன் யோசித்துவிட்டுச் சொன்னார், "சாமிப் பொருளு. சாவுத் தீட்டுப் பட்டுருச்சு. இனி இத வீட்டுல வைக்கக் கூடாது. என்னம்மா சொல்ற?"

மதினி தலையைத் தூக்காமல், "எருக்குழியில போட்டுருங்க," என்றார்.

ஒருவன் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். மதினி என்னைக் கட்டிக்கொண்டு தோளில் முகத்தைப் புதைத்தார். பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒப்பாரியை உயர்த்தினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் காதோடு சொன்னார்:

"மழ மூட்டமா இருக்கு ஆத்தா. பெட்டி நனையிறதுக்குள்ள போயி எடுத்துரு."